கோளாறே இல்லாத துறை

அந்தப் பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் துறையில் கோளாறு என்ற ஒன்று நிகழ்ந்ததே கிடையாது. வார்டுகளில் கம்ப்யூட்டர் திரைகள் நாள் முழுக்க வெறித்துக்கொண்டு நின்றதுண்டு. மருந்தகத்தில் ஒருவருடைய மருந்து இன்னொருவர் பெயரில் வந்ததுண்டு. ஒருமுறை பிணவறை பிரிண்டர், அன்று பிறந்த குழந்தைகளின் எடையையெல்லாம் வரிசையாக அச்சடித்துத் தள்ளியதுண்டு. ஆனால் கோளாறு மட்டும் நிகழவில்லை. கோளாறு நிகழ வேண்டுமானால் துறையின் ஏழு அறைகளில் ஏதாவது ஒன்று அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே.

ஏன் ஏழு என்றால், நெட்வொர்க் பாடப்புத்தகங்கள் கம்பியில் தொடங்கி புரோகிராம் வரைக்கும் எல்லாவற்றையும் ஏழு அடுக்குகளாகப் பிரித்துச் சொல்லும். படிக்கிறவருக்கு விளங்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு. இந்தத் துறையை நிறுவியவர்கள் அதைக் கட்டட வரைபடம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே ஏழு மாடி. மாடிக்கு ஓர் அறை. அறைக்கு ஓர் அதிகாரி. அதிகாரியின் கதவுக்கு மேலே ஒரு பச்சை பல்பு. புகார் கீழ் மாடியில் நுழையும். ஒவ்வோர் அதிகாரியும் சோதித்துப் பார்த்து, தவறு தன்னிடம் இல்லை என்று கண்டு பல்பை எரியவிடுவார். ஏழும் எரிந்துவிட்டால் கோளாறு இல்லை என்று பொருள்.

புரோகிராமருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. பரிசோதனைக் கூடத்து முடிவுகள் வார்டுத் திரைகளில் தோன்றும்படி ஒரு புரோகிராம் எழுதி, அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. முப்பது வயதிருக்கும். கோபப்படத் தெரியாத முகம். காலையில் வேலையைத் தொடங்குமுன் கீபோர்டின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருப்பான். பக்கத்து மேஜைக்காரர் அவன் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை அவன் கண்ணைத் திறந்தபோது லேப் அக்கா எதிரில் நின்றார்.

"தம்பி, குழந்தைகள் வார்டுக்கு ஒண்ணுமே போகல. நான் அனுப்பிட்டேன்னு என் திரை சொல்லுது. வரலைன்னு அவங்க திரை சொல்லுது. யாரை நம்பறது?"

"ரெண்டு பேரையும் நம்பலாம்க்கா. நடுவுல எங்கயோ போயிருக்கு. அவசரமா?"

"அந்தச் சிட்டுப் பொண்ணு இருக்கே, மூளைக்காய்ச்சல் பொண்ணு. முதுகுத்தண்டு நீர் ரிசல்ட் வந்துடுச்சு. இப்ப போட்டுட்டு இருக்கிற மருந்து அந்தக் கிருமியைத் தொடவே தொடாது. வேற மருந்து மாத்தணும். திரையில வராம டாக்டர் மாத்த முடியாது."

அதுதான் அங்கே சட்டம். காகிதமில்லா மருத்துவமனை என்று விருது வாங்கிய நாளிலிருந்து காகிதத்தில் வரும் முடிவு செல்லாது. போனில் சொன்னாலும் செல்லாது. திரையில் தெரிந்தால்தான் முடிவு.

சிட்டுவை அவனுக்குத் தெரியும். வார்டுக் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கப் போகும்போதெல்லாம், "கம்ப்யூட்டர் மாமா, இதுக்குள்ள யாரு இருக்கா? சாப்பிட்டாங்களா? ஏன் பேச மாட்டேங்கறாங்க?" என்று மூச்சுவிடாமல் கேட்கிற ஐந்து வயதுக்காரி. காய்ச்சல் கொதிக்கும்போதுகூட வாய் ஓயாது. அப்பா லாரியோடு எங்கோ தொலைவில். அம்மா மட்டும் கட்டிலோரம்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே வழி தேடிப் போனான். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நெட்வொர்க் துறையின் வாசலிலேயே, இணைப்புப் பெட்டிக்கு அடியில், வார்டுக்குப் போகும் கம்பி கழன்று முகத்தின் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வர்ணம் அடித்தவர்கள் பிடுங்கியிருப்பார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் திரைச்சீலையை விலக்குவதுபோல் அதை ஒரு கையால் விலக்கிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

'கடவுளே, இவ்வளவுதானா' என்று அவன் அதை எடுத்துச் சொருகினான். பெட்டியிலிருந்த சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒருமுறை சிமிட்டியது. பிறகு அணைந்தே போயிற்று.

"யாருய்யா அது, கம்பியைத் தொட்டது?" என்று முதல் மாடி அதிகாரி வெளியே வந்தார். கம்பி அவருடைய பொறுப்பு.

"சார், கழன்று கிடந்தது. சொருகினேன்."

அவர் கம்பியை மறுபடி உருவி, முழங்கையளவு நீளத்தைத் தடவிப் பார்த்தார். மணிக்கட்டில் சுற்றி இழுத்தும் பார்த்தார். "அறுந்திருக்கா? இல்ல. எலி கடிச்சிருக்கா? இல்ல. கம்பி சிங்கம் மாதிரி இருக்கு. என் மாடியில தப்பு இல்ல." பச்சை பல்பு எரிந்தது.

"ஆனா எதுலயும் சொருகலையே சார்."

"எதுல சொருகியிருக்குன்னு பாக்கிறது ரெண்டாவது மாடி."

"எதுலயுமே சொருகலை."

"அப்ப எந்த மாடியும் இல்ல," என்றார் அவர், மனிதனுக்கு நல்ல சேதி சொல்கிற நிறைவோடு. கம்பியை மீண்டும் தொங்கவிட்டு, யார் கண்ணிலும் குத்திவிடக் கூடாதே என்று முனையில் ஒரு பஞ்சையும் சுற்றினார்.

இரண்டாம் மாடி அம்மையார் அவன் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உதவியாளர்களைக் கூப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அனுமதியில்லாம யாராவது கம்பியைச் சொருகினா அந்த ஓட்டை தானா மூடிக்கும். அப்படித்தான் அமைச்சிருக்கோம். வேலை செய்யுதான்னு எங்களுக்கே இவ்வளவு நாளாத் தெரியாது! இன்னிக்குத்தான் ஒரு தாக்குதல் நடந்திருக்கு."

"நான் தாக்கலைங்க மேடம். சொருகினேன்."

"தாக்கறவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஒரு குழந்தைக்கு மருந்து மாத்தணும். அந்த ஓட்டையைத் திறந்து விட்டீங்கன்னா..."

"தாக்கினவர் வந்து கேட்டா திறந்து விடறதுக்கா இவ்வளவு பாதுகாப்பு?" அவர் உண்மையிலேயே வருந்திக் கேட்டார். பச்சை எரிந்தது. அன்றைக்கு அந்த மாடியில் எல்லோருக்கும் டீ.

மூன்றாம் மாடிக்காரர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த நல்ல மனிதர். அவனை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "வழி சரியா இருக்கான்னு கூப்பிட்டுப் பார்ப்போம்," என்று கீபோர்டில் தட்டினார். பதில் சடசடவென்று வந்து விழுந்தது. "பாத்தியா தம்பி, போன வேகத்துல திரும்பி வருது. வழி பளிங்கு மாதிரி இருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். "சார், அது இதே கம்ப்யூட்டரோட சொந்த முகவரி. நீங்க உங்களையே கூப்பிட்டு, நீங்களே பதில் சொல்லிக்கறீங்க."

"அதனாலதான் இந்த மாடி ஒரு தடவைகூட தவறினதில்ல," என்று அவர் சிரித்துக்கொண்டே பல்பைத் தட்டினார். "வெளியில கூப்பிட்டா, வந்தாலும் வரும், வராட்டியும் போகும். அந்த மாதிரி ஆளுங்களை நம்பி ஒரு துறையை நடத்த முடியுமா?"

அதற்குள் போன் அடித்தது. வார்டு சிஸ்டர். "தம்பி, காய்ச்சல் இறங்க மாட்டேங்குது. பொண்ணு பேச்சைக் குறைச்சுட்டா. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"மூணு மாடி முடிச்சுட்டேன் சிஸ்டர்."

"இன்னும் எத்தனை?"

அவன் போனை வைத்துவிட்டுப் படியேறினான்.

நான்காம் மாடி பகல் முழுவதும் பூட்டியிருந்தது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டிய அந்த அதிகாரி, அனுப்பிய விடுப்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஏழாம் மாடிக்குப் போயிருந்தார். மறுநாள் காலை வந்தார். வணக்கம் சொன்னான். அவரும் சொன்னார். "என் வணக்கம் கிடைச்சதா?" என்று கேட்டார். கிடைத்தது என்றான். "கிடைச்சதுங்கறது எனக்குக் கிடைச்சுது. இப்பப் பேசலாம்," என்று அவர் தொடங்குவதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. ஐந்திலும் ஆறிலும் என்ன வேலை நடக்கிறது என்று யாருக்குமே தெரியாததால் இரண்டுக்கும் ஒரே ஆள். அவர் ஐந்தாம் மாடியில் கேட்டதை எழுதிக்கொண்டு, மூச்சிரைக்க ஆறுக்கு ஏறி, தனக்குத்தானே அதை வாசித்துக்காட்டி, இரண்டு பல்பையும் போட்டார்.

ஏழாம் மாடியில் துறைத் தலைவர். அகலமான மேஜை, அகலமான சிரிப்பு.

"ஆறு மாடியும் பச்சை. அப்படின்னா மிச்சம் இருக்கிறது என்ன? உங்க புரோகிராம்தான். நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க எழுதாம இருந்திருந்தா இது வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார். ரிசல்ட்டும் வந்திருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன்." ஏழாவது பச்சையும் எரிந்தது.

அவன் ஏழு மாடியும் இறங்கினான். தொங்கிய கம்பியை அவனும் கையால் விலக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டியிருந்தது. லேப்புக்குப் போனான். லேப் அக்கா நிமிர்ந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். காலி மருந்து அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து, அதில் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "வேலை போனா போகட்டும் தம்பி. எனக்கும் பேத்தி இருக்கு. ஓடு."

அவன் ஓடினான்.

வார்டு டாக்டர் இளவயதுப் பெண். அந்த அட்டையை வாங்கிப் படித்தார். திரையைப் பார்த்தார், அது வெறித்துக்கொண்டிருந்தது. அட்டையை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், மருந்தை மாத்துங்க. நான் சொல்றேன்னு எழுதிக்கோங்க."

"திரையில வரலையே டாக்டர்."

"வரலதான். குழந்தை வந்திருக்கே."

சிட்டு பிழைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதற்குப் பிறகு நடந்ததில் நல்ல சேதி என்று சொல்ல அதிகம் இல்லை. டாக்டரைக் கூப்பிட்டு, திரையில் தோன்றாத ஒரு முடிவை எப்படி அறிந்தீர்கள் என்று விசாரித்தார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். வெகுதூரத்தில், கம்ப்யூட்டரே இல்லாத ஒரு கிளைக்கு மாற்றினார்கள். போகும்போது சிட்டுவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

புரோகிராமரையும் கூப்பிட்டார்கள். தண்டனை என்று நினைத்துப் போனவனுக்கு மாலை போட்டார்கள். மேடையில் துறைத் தலைவர் பேசினார்:

"நண்பர்களே! குழந்தைகள் வார்டுக்கு ரிசல்ட் போகலைன்னு ஒரு புகார் வந்தது. இன்னிக்கு ரிசல்ட் போகுது. இடையில நாம என்ன செஞ்சோம்? ஒண்ணுமே செய்யல! ஒண்ணுமே செய்யாம ஒரு பிரச்சினையைத் தீர்க்கிறதுக்கு எவ்வளவு அனுபவம் வேணும் தெரியுமா? உலகம் இன்னும் கம்பியை நம்பிக்கிட்டிருக்கு. கம்பி இருந்தா கம்பி கழலும். நம்ம புரோகிராமர் கம்பியே இல்லாம கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஆள் படியேறுறாருன்னு சிலர் கேலி பேசலாம். நான் சொல்றேன், இதுக்குப் பேரு வயர்லெஸ்!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அவன் கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். அதில் பெயர் இல்லை. நெட்வொர்க் முகவரி எண் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அவன் கருவிகளின் கணக்கில் வந்தான். காகிதம் செல்லாது என்ற சட்டம் அப்படியே இருந்தது; ஆனால் அவன் கையில் இருப்பது காகிதமில்லை, தகவல்; அவனோ நெட்வொர்க்கில் தகவல் சுமந்து ஓடுகிற பொட்டலம், அதாவது பாக்கெட் என்று தீர்மானம் ஆயிற்று. பாக்கெட் நடந்துகொள்ள வேண்டிய விதமும் அவனுக்குச் சொல்லப்பட்டது. தன்னில் இருப்பதைத் தான் படிக்கக் கூடாது. வழியில் நிற்கக் கூடாது. யாரிடமும் விசாரிக்கக் கூடாது, யார் விசாரித்தாலும் பதில் சொல்லக் கூடாது.

"எட்டாவது மாடி கட்டற வரைக்கும்தான் தம்பி," என்றார் மூன்றாம் மாடிக்காரர் ஆறுதலாக.

"எட்டாவதுல என்ன சார்?"

"தெரியல. கட்டினப்புறம் யோசிப்பாங்க."

அவன் ஏறினான், இறங்கினான். புரோகிராம் எழுதுவது நின்றுபோயிற்று. கால் வீங்கியது. வார்டு சிஸ்டர் வெந்நீர் வைத்துக் கொடுத்து, "ஒரு நிமிஷம் காலை நனைச்சுட்டுப் போ, யாரும் பாக்கல," என்பார். அந்த மாதிரி ஒரு நிமிஷங்களில்தான் அவன் உயிரோடிருந்தான் என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காது பரிசோதனை அறையிலிருந்து சிட்டுவின் முடிவு வந்தது. படிக்கக் கூடாதுதான். ஆனால் அது உறையில்லாமல் கைக்கு வந்தது; அவனுக்குக் கண் இருந்தது. இரண்டு காதும் போயிருந்தது. நோய் பிடித்துவைத்திருந்த நாள்களில், மருந்து மாறக் காத்திருந்த நேரத்தில், உள்ளே ஏதோ கருகிப்போய்விட்டது.

படிக்கட்டின் திருப்பத்தில் சிட்டுவின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அவளோடதா அண்ணா?"

பாக்கெட் பதில் சொல்லக் கூடாது. மனிதனாகவும் அதைப் படிக்கட்டில் வைத்துச் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. "புது டாக்டர் இருக்காங்கம்மா. அவங்க சொல்லுவாங்க. வாங்க, சேர்ந்து போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. "நீங்க சொல்ல வேணாம் அண்ணா. நேத்து என் கைதவறி டம்ளர் விழுந்துச்சு. வார்டே திரும்பிப் பார்த்துச்சு. அவ திரும்பல. கதை சொல்லிக்கிட்டே இருந்தா." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "இன்னும் அவளுக்குத் தெரியாது. நாங்கதான் எல்லாரும் மெதுவாப் பேசறோம்னு நினைக்கிறா. 'சத்தமாப் பேசும்மா'ங்கறா."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மனத்துக்குள் பிரார்த்தனை செய்யப் பார்த்தான், வார்த்தை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுது தீர்த்து, மூக்கைச் சிந்தி, தானாக எழுந்து, "வாங்கண்ணா, போலாம்," என்று சொல்லும்வரை இருந்தான்.

நான்காம் மாடிக்கு இது தெரிந்துவிட்டது. புறப்பட்ட பாக்கெட் சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை. சேதி ஏழு மாடிக்கும் பரவியது. துறையின் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு கோளாறு! எரிய வைக்கச் சிவப்பு பல்பு கைவசம் இல்லை. எப்போது தேவைப்பட்டது, வாங்கி வைப்பதற்கு? பச்சை பல்பின் மேல் சிவப்புத் தாளைச் சுற்றினார்கள். அது சாணி நிறத்தில் எரிந்தது. அதிலும் போட்டி வந்தது. கால் என்பது கம்பிக்குச் சமம், ஆகவே கோளாறு என்னுடையது என்றார் முதல் மாடி. நின்ற இடம் வழியில்தான், ஆகவே என்னுடையது என்றார் மூன்றாம் மாடி. ஐந்து-ஆறுக்காரர் தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டார். கடைசியில் ஏழு மாடியும் பங்கு போட்டுக்கொண்டன.

துறைத் தலைவர் அவனைக் கூப்பிட்டார். கோபமில்லை, மகிழ்ச்சியை அடக்க முடியாமல் இருந்தார்.

"சொல்லுங்க. ஒரு பாக்கெட் வழியில உக்காந்து ஆறுதல் சொல்லுமா?"

"சொல்லாது சார். நானும் ஒண்ணும் சொல்லல. சும்மாதான் இருந்தேன்."

"ஏன் இருந்தீங்க?"

"அவங்க அழுதாங்க சார்."

"அழுதது நெட்வொர்க்குக்கு வெளியில. அது நமக்கு வராது." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்க, உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடல. இத்தனை வருஷத்துல கோளாறுன்னு கண்ணால பார்த்தது இன்னிக்குத்தான். இப்பத்தான் எங்களுக்கும் ஒரு வேலை வந்திருக்கு. என்ன செய்யணும்னும் புத்தகத்துல இருக்கு. முதல்ல அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாக்கணும்."

ஆகவே அவனை அணைத்தார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே விட்டார்கள். அவன் அணைந்திருந்த வேளையில் வார்டுக்கு முடிவு எதுவும் போகவில்லை. சிவப்புத் தாளை அவிழ்த்துவிட்டதால் ஏழு மாடியிலும் பச்சை எரிந்தது. லேப் அக்கா அவசரமானதைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மதிய இடைவேளையில் எடுத்துப்போனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாசல் காவலாளி, "சார், உங்களை ஆஃப் பண்ணியிருக்காங்களாமே. நிக்காதீங்க, உக்காருங்க," என்று தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் நின்றார்.

அங்கே அவன் உட்கார்ந்திருக்கும்போதுதான் சிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகிறார்கள். அவனைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"கம்ப்யூட்டர் மாமா! ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? உங்களுக்கும் காய்ச்சலா? ஊசி போட்டாங்களா?" தெருவே கேட்கும்படி கத்தினாள். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்கு இனித் தெரியாது.

"காய்ச்சல் இல்லடா," என்றான்.

அவள் அவன் வாயைப் பார்த்தாள். "என்ன? சத்தமாச் சொல்லுங்க!"

அவன் நாற்காலியை விட்டுத் தரையில் மண்டியிட்டு, முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, உதட்டை அகலமாகத் திறந்து திறந்து சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னான். அவள் நெற்றியைச் சுருக்கி, அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உப்புமாவா?" என்றாள். அம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார்," என்றார் காவலாளி, மனமில்லாமல். "போன் வந்திருக்கு. உங்களை ஆன் பண்ணிட்டாங்களாம். லேப்புல ஏதோ அவசரமாம், வேற ஒரு குழந்தையோடது. உடனே போகணுமாம்."

அவன் எழுந்தான். திரும்பிக்கொண்டு நடந்தால் அவளுக்கு அவன் முதுகுதான் தெரியும். சொல்கிற எதுவும் போய்ச் சேராது. அதனால் அவளைப் பார்த்தபடியே, பின்பக்கமாகக் காலை வைத்து வைத்து, முற்றத்தைக் கடந்து, படிகளிலும் பின்புறமாகவே ஏறினான். "போயிட்டு... வரேன்... போயிட்டு... வரேன்..." என்று வாயை அகலமாக அசைத்துக்கொண்டே போனான்.

ஏழாம் மாடி ஜன்னலிலிருந்து துறைத் தலைவர் அதைப் பார்த்தார். பாக்கெட் பின்னோக்கிப் போகிறது என்று உடனே ஆறு மாடிக்கும் தகவல் கொடுத்தார். சிவப்பு பல்புகளை இனி மொத்தமாகவே வாங்கி வைத்துவிடுவது என்று அன்றே முடிவாயிற்று.

கீழே சிட்டு இன்னும் அவன் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு அவனை மறைப்பதற்குச் சற்று முன்னால் அவள் முகம் தெளிந்தது.

"சரி, போயிட்டு வாங்க!" என்று தெரு அதிரக் கத்தினாள்.